ரூபாய்க்கு நாலணா

சேசு மரி சூசை துணை

திருச்சிராப்பள்ளி,
11-11-1956

அன்புள்ள அக்கா சூசைமேரிக்கு,

உன் தம்பி ஞானராஜ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் சுகம். விடுதிச் சாம்பாருக்குத்தான் ஒரு மாதமாக நீர்க்கோவை. அவ்விடம் நீயும் மைக்கேல்சாமி அத்தானும் சுகமா? உன் கோழிகள் சுகமா? சுகமென்றால் நான் வரும்வரை அப்படியே இருக்கச் சொல்.

நீ அனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்தது. சேர்ந்த கையோடு தீர்ந்தது. பாதி என் வயிற்றில், பாதி அறைத்தோழன் குழந்தைசாமியின் வயிற்றில். தின்ன வேறொன்றும் இல்லாமல் போகவே, முறுக்கைச் சுற்றியிருந்த காகிதத்தைப் படித்தேன். அடியே அக்கா! அது உங்கள் ஸ்ரீ ஜெயமாதா ஆயில் மில்ஸ் லிமிடெட்டின் ஐந்தொகை! கம்பெனிக்குச் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஊருக்கே காட்ட அச்சடித்ததை எடுத்து முறுக்குக்குச் சட்டை தைத்திருக்கிறாய். கட்டுக் கட்டாக வீட்டில் கிடந்தால் அதற்காக இப்படியா? அத்தானுக்குச் சோறு போடுகிற கம்பெனி அல்லவா?

எங்களுக்குக் கணக்கியல் எடுப்பவர் பெயர் ரெங்கசாமி. 'ரேஷியோ ரெங்கசாமி' என்று ஞானஸ்நானம் கொடுத்தது அடியேன். அவர் சொல்வார்: "தொகையப் பாத்து வாயப் பொளக்காதீங்கடா. ஒரு தொகைக்குப் பக்கத்துல இன்னொரு தொகைய நிப்பாட்டுங்க. ஒத்தையா நிக்கிறவன் நெட்டையா குட்டையான்னு எவனுக்குத் தெரியும்?" அப்படி நிறுத்திப் பார்ப்பதற்குப் பெயர்தான் விகிதம்.

நானும் எண்ணெய்க் கறைக்குள்ளிருந்து இலக்கங்களைத் தோண்டி எடுத்து நிறுத்திப் பார்த்தேன். ஒரு வருஷத்துக்குள் காசாக மாறக்கூடிய சொத்து தொண்ணூற்றாறாயிரம். ஒரு வருஷத்துக்குள் அடைக்க வேண்டிய கடன் நாற்பத்தெட்டாயிரம். ஒரு ரூபாய்க் கடனுக்கு இரண்டு ரூபாய்ச் சொத்து. இதற்கு நடப்பு விகிதம் என்று பெயர். இரண்டு இருந்தால் உத்தமம். இரண்டு கால் இருந்தால்தானே நடப்பு? உங்கள் கம்பெனி நடக்கிறது என்ன, சதிராட்டமே ஆடலாம் என்று அத்தானிடம் சொல்.

அடுத்து 'திராவகச் சோதனை' என்று ஒன்று எடுக்கப்போகிறாராம். ஆசாரி பொன்னுக்குத் திராவகம் விட்டுப் பார்க்கிற மாதிரி கம்பெனிக்கு விட்டுப் பார்க்கிற கணக்கு. அதையும் உங்கள் மில்லின் தலையில் ஊற்றிப் பார்த்து எழுதுகிறேன்.

முறுக்கு இன்னும் வேண்டும். வேறொரு கம்பெனியின் ஐந்தொகையில் சுற்றி அனுப்பினால் படிப்பும் வளரும், நானும் வளர்வேன்.

வாயும் வயிறுமாக உள்ள தம்பி,
ஞானராஜ்


சேசு மரி சூசை துணை

கீரனூர்,
25-11-1956

அன்புத் தம்பி ஞானராஜுக்கு,

சர்வேசுரன் கிருபையால் நாங்கள் இருவரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா?

உன் கடிதத்தை வழக்கம்போல் சத்தமாக வாசித்தேன். உன் அத்தான் சிரித்த சிரிப்பில் காப்பி டம்ளர் உருண்டு போயிற்று. "மாப்ள பெரிய கணக்கப்புள்ளையா வருவாம்டி!" என்று இரண்டு நாள் அதே பேச்சு. மில் டைரக்டர் கண்ணுசாமியிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். அவரும் உன் சதிராட்டத்தைக் கேட்டுச் சிரித்தாராம்.

இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேள். உன் அத்தான் கோயிலில் உபதேசியார் வேலையை விட்டு மில்லுக்கு வந்து மூன்று வருஷமாகியும் சனங்கள் இன்னும் 'உபதேசியாரே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மில்லுக்குப் பங்கு சேர்க்கச் சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறாரல்லவா? போன வாரம் கல் உடைக்கிற அடைக்கலமேரி வந்தாள். போன வருஷம் குவாரியில் புருஷனைப் பறிகொடுத்தாளே, அவள்தான்.

"உபதேசியாரம்மா, பங்குக்குப் பத்து ரூவா குடுத்துட்டேன். எங்க வீட்டுக்காரரு ஆத்துமத்துக்கு எப்ப பூசை வைப்பாக?" என்றாள்.

கோயில் பங்குக்குக் காணிக்கை என்று நினைத்து மில் பங்கு வாங்கியிருக்கிறாள்! உபதேசியார் வந்து பங்குக்குப் பணம் கேட்டால் பாவம், அவள் வேறு எதை நினைப்பாள்? நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உன் அத்தான் உள்ளேயிருந்து, "வைப்பாக, வைப்பாக" என்று குரல் கொடுத்துவிட்டார். அப்புறம் கேட்டால், "லாபம் வந்தா அதுல பூசை வச்சுக்கிறட்டும். ரெண்டு பங்கும் ஒண்ணுதான் போ" என்கிறார். நீ சிரிப்பாய் என்று எழுதினேன்.

அந்தத் திராவகச் சோதனையை மறக்காமல் போட்டு எழுது. இன்னொன்று. கடலை மூட்டை கெடாமல் எத்தனை மாதம் கிடக்கும்? உங்கள் புத்தகத்தில் அதெல்லாம் இருக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் அக்கா,
சூசைமேரி


சேசு மரி சூசை துணை

திருச்சிராப்பள்ளி,
9-12-1956

என் அருமை அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல், முறுக்கறிய அதைவிட ஆவல்.

அடைக்கலமேரி கதையைக் குழந்தைசாமிக்குச் சொன்னேன். கட்டிலிலிருந்து விழுந்து சிரித்தான். நம் பங்கில் பங்குச் சாமியார் இருக்கிறார், பங்கு விற்கிற உபதேசியார் இருக்கிறார், பங்கு பிரிக்கிற டைரக்டர் இருக்கிறார், பங்குச் சண்டை போடுகிற பங்காளிகளோ எண்ணிக்கையில் அடங்க மாட்டார்கள். நல்ல பங்குடி நமக்கு!

இனி கணக்கு. தனித் தாளில் அழகாகப் போட்டிருக்கிறேன், அத்தான் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

அடுத்த தாள்:

ஸ்ரீ ஜெயமாதா ஆயில் மில்ஸ், திராவகம் விட்டுப் பார்த்தது. காசாகக்கூடிய சொத்து என்றார்களே தொண்ணூற்றாறாயிரம், அதில் எண்பத்து நாலாயிரம் கிட்டங்கிச் சரக்கறையில் கிடக்கும் கடலை. கடனைக் கேட்டு வருகிறவனுக்குக் கடலையை அள்ளிக் கொடுக்க முடியுமா? ஆகவே சரக்கைத் தள்ளு. மிச்சம் பன்னிரண்டாயிரம். கடன் நாற்பத்தெட்டாயிரம். அதாவது ஒரு ரூபாய்க் கடனுக்குக் கையில் இருப்பது நாலணா. ஒரு கால்கூட இல்லை, கால் ரூபாய்! இரண்டு காலில் நடந்த ஆள் ஒரே மாதத்தில் காலே அரைக்காலே என்று ஆகிவிட்டார்.

அடுத்தது சரக்குச் சுழற்சி. வருஷம் முழுக்க மில் ஆட்டி விற்ற கடலை ஐம்பத்தாறாயிரத்துக்கு. கிடப்பிலோ எண்பத்து நாலாயிரத்துக்கு. இதே வேகத்தில் போனால் இருப்பதைத் தீர்க்க ஒன்றரை வருஷம். ஒன்றரை வருஷக் கடலையை வண்டு அல்லவா ஆட்டும்? எண்ணெய் காறிப்போகாதா? இந்த லட்சணத்தில் பங்குக்கு எட்டு சதவீத லாபம் வேறு.

காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில், 'சரக்கு இருப்பு, கிட்டங்கிப் பொறுப்பாளர் கையொப்பமிட்டபடி' என்று இருக்கிறது. அந்தப் பொறுப்பாளர் ஒன்று கண் தெரியாதவர், இல்லையென்றால் ஊர் கண்ணைக் கட்டுகிறவர். இருப்பு என்று எழுதியது இருப்புத்தானா, இல்லாத சரக்கின் நடிப்பா? திராவகம் விட்டவரையில் பித்தளை!

மறுபடி முதல் தாளின் பின்பக்கம்: இதையும் சத்தமாக வாசி. இன்னொரு டம்ளரும் உருளட்டும்.

ஞானராஜ்


திருச்சிராப்பள்ளி,
6-1-1957
(தபால் கார்டு)

அக்காவுக்கு, புது வருஷத் தோத்திரம். பதிலே இல்லையே? தபால்காரருக்கும் விகிதம் குறைந்துவிட்டதா, நான் எழுதும் மூன்றுக்கு ஒன்றுதான் உன்னிடம் சேருகிறதா? கிறிஸ்துமஸுக்கு நீயும் அத்தானும் ஊருக்கு வரவில்லை. ஆத்தா நடுச்சாமப் பூசைக்குப் போகும்போதுகூட உங்கள் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அய்யா மட்டும், "மில்லுல வேலை இருக்கும், பெரிய உத்தியோகமுல்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். உடம்புக்கு ஒன்றுமில்லையே? கார்டில் இடம் தீர்ந்தது, என் வாய் தீரவில்லை. ஞானராஜ்


சேசு மரி சூசை துணை

கீரனூர்,
27-1-1957

தம்பி ஞானராஜுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நலமாயிரு.

போன மாதம் நீ எழுதிய கடிதத்தை நான் சத்தமாக வாசிக்கவில்லை. தபால்காரர் கொடுத்தபோது உன் அத்தான் வீட்டில் இல்லை. வந்து, "மாப்ள கடுதாசி போடலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

கிட்டங்கிப் பொறுப்பாளர் உன் அத்தான்தான். உனக்குத் தெரியாது. பங்கு சேர்க்கிற வேலை மட்டும்தான் என்று நினைத்திருப்பாய். போன வருஷமே கிட்டங்கியையும் அவர் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். சாவி எங்கள் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது.

உன் கடிதம் வந்த மறுநாள், மில்லில் ஆளில்லாத நேரம் பார்த்துத் திறந்தேன். முன்வரிசை மூட்டையெல்லாம் கடலை. அதற்குப் பின்னால் கூரை முட்ட அடுக்கியிருப்பதில் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. தம்பி, நான் தூக்குகிற மூட்டையா கடலை மூட்டை? உள்ளே வெறும் கடலைத் தோல். அடுத்ததும் தோல். நான் அதற்கு மேல் பார்க்கவில்லை. எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து சோறு வடித்தேன்.

ஈஸ்டருக்குள் இன்னொரு தடவை பங்கு சேர்க்கப்போகிறார்கள். அய்யா உழவுக் காளை இரண்டையும் விற்று இருபது பங்கு வாங்கப்போவதாக உன் அத்தானிடம் சொல்லியிருக்கிறார். வருஷக் கணக்கு முடிகிறபோது இவர் மறுபடியும் கையெழுத்துப் போடவேண்டும்.

நீ எழுதியதெல்லாம் விளையாட்டுக்கா? விளையாட்டு என்றால் விளையாட்டு என்று ஒரு வரி எழுது. இல்லையென்றால், அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களை என்ன செய்வார்கள் என்று யாரிடமாவது கேட்டு எழுது. பெயர் சொல்லாதே.

சூசைமேரி


சேசு மரி சூசை துணை

திருச்சிராப்பள்ளி,
3-2-1957

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை வராந்தாவில் நின்று படித்தேன். கண் தெரியாதவர், கண்ணைக் கட்டுகிறவர் என்று எதுகை மோனை பார்த்து எழுதினேனே, அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அத்தான் என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் கணக்கு அப்படியேதான் வந்திருக்கும்.

விளையாட்டு இல்லை அக்கா. ரெங்கசாமி சாரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். போன வருஷம் வந்த புதுக் கம்பெனிச் சட்டத்தில் பொய்க் கையெழுத்துக்கு ஜெயில் உண்டாம். "யாருடா அந்த ஆளு?" என்றார். கதையில் வருகிறவர் என்றேன். "கதைன்னா அவனே முந்திப் போயி சொல்லிறட்டும். சொன்னவனுக்குக் கொஞ்சம், மாட்டுனவனுக்கு நெறைய" என்றார்.

அந்த எட்டு சதவீத லாபம் எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது விளங்குகிறது. புதுப் பங்குக்காரனிடம் வாங்கிப் பழைய பங்குக்காரனுக்குப் பந்தி வைத்திருக்கிறார்கள். இந்த ஈஸ்டருக்கு வாங்குவதும் அதற்குத்தான். அத்தானை மறுபடி கையெழுத்துப் போட விடாதே. பங்கு சேர்க்கவும் விடாதே. நீ சொன்னால் கேட்பார். அய்யாவுக்கு நான் எழுதுகிறேன், காளையை விற்க வேண்டாம் என்று மட்டும். அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

உன்னை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. விடுதிச் சாம்பார் காரணமில்லை.

ஞானராஜ்


சேசு மரி சூசை துணை

திருச்சிராப்பள்ளி,
10-3-1957

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாயிருக்கிறாயா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

அய்யாவுக்கு எழுதினேன். மில்லின் விகிதம் சரியில்லை, காளையை விற்காதீர்கள் என்று, ஒரு விளையாட்டு வார்த்தை இல்லாமல், கோயிலில் ஒப்பிக்கிற மந்திரம் மாதிரி எழுதினேன். அய்யா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுத் தங்கமுத்து எழுதிய பதில் வந்திருக்கிறது. அப்படியே தருகிறேன்:

"தேர்த் திருநா அன்னைக்குச் சக்கரம் கழண்டுருச்சுன்னு கத்திக்கிட்டு ஓடியாந்து, பந்தியில இருந்த சனத்தைப் பூராம் எந்திரிச்சு ஓட வச்ச பயதானடா நீ. ஒம் பேச்சக் கேட்டு நாங் காளைய வச்சுக்கிட்டிருக்கணுமா? எம் மருமகன் உபதேசியாரு. அவரு வாயில பொய் வராது. சாம்பல் புதனும் அதுவுமா உருப்படியா ஒரு செபம் சொல்லு."

காளைகள் போன சந்தையிலேயே போய்விட்டன.

பதினேழு வருஷம் நான் சொன்ன பொய்யையெல்லாம் நம்பினார்கள் அக்கா. ஒரே ஒரு நிசம் சொன்னேன்.

நான் கீரனூர் வருகிறேன். அத்தானிடம் நானே பேசுகிறேன். என்னை அடிக்க மாட்டார். அடித்தாலும் பரவாயில்லை. வரட்டுமா?

ஞானராஜ்


கீரனூர்,
20-3-1957

தம்பிக்கு,

வராதே.

நான் பேசிவிட்டேன். பேசி மூன்று வாரமாகிறது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியாடி? மொதல்ல பத்து மூட்டையிலதான் தோலு, அடுத்த சந்தைக்கு நெரப்பிருவோம்னாக. அப்பறம் நூறாச்சு. இப்பக் கணக்கே இல்ல. ஈஸ்டர் பங்கு வந்துட்டா கடலை வாங்கி அம்புட்டையும் நெரப்பிருவாக" என்றார். நெரப்ப மாட்டாக என்றேன். "உபதேசியாரா இருந்தப்ப ஒனக்கு வருசத்துக்கு ஒரு சீலை. ஒரு நாளாச்சும் வயிறு நெறயச் சாப்புட்டோமா? திரும்பவும் அங்கிட்டுப் போகச் சொல்றியா?" என்றார். அவர் திருடவில்லை தம்பி. அவர் கைக்கு அதில் ஒரு காசு வரவில்லை. சம்பளமும் இந்த வீடும்தான்.

நேற்று அடைக்கலமேரி வந்தாள். ஆட்டை விற்று இன்னொரு பங்கு கொண்டுவந்திருந்தாள். இரண்டாவது பூசை அவள் பிள்ளைக்காம், பிறந்து பத்து நாளில் போனதாமே, அதற்கு. உன் அத்தான் ரசீது எழுதினார். எழுதி முடித்துக் கொடுக்கிறவரை நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அவள் ரசீதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்கு இனிமேல் மில்லைப் பற்றி எழுதாதே. பரீட்சைக்குப் படி.

சூசைமேரி


திருச்சிராப்பள்ளி,
5-5-1957

அன்புள்ள அக்காவுக்கு,

இதற்கு முன் போட்ட மூன்றுக்கும் பதில் இல்லை. நீ எப்படி இருக்கிறாய், சாப்பிடுகிறாயா என்று மட்டுமாவது எழுது.

கீரனூரில் நடந்ததைக் கண்டவர் வாயிலும் கேட்டேன். குருத்து ஞாயிறு பூசையில் சாமியார், "கோயில் பங்கு வேற, மில் பங்கு வேற. மில்லுக்குப் பணம் குடுத்தவுக ஒங்க சரக்கப் போயிப் பாருங்க" என்று இரண்டு வாக்கியம் சொன்னாராம். சனங்கள் கையில் பிடித்த குருத்தோலையோடு நேராக மில்லுக்குப் போனார்களாம். அடைக்கலமேரி ஒரு மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கித் தலைக்கு மேல் காட்டினாளாம். கண்ணுசாமி அதற்கு முந்தின நாளே மெட்ராஸ் போய்விட்டார் என்கிறார்கள். போலீஸ் வந்தபோது அத்தான் ஓடவில்லை, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார் என்கிறார்கள்.

இதெல்லாம் உண்மையா?

அய்யா தங்கமுத்துவை வைத்து நாலு வரி எழுதியிருக்கிறார். காளை போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை. "சாமியார்கிட்ட ஒங் கையெழுத்துல கணக்கு இருந்துச்சாமே. அக்கா தாலியில கை வச்சுட்டியேடா. லீவுக்கு இங்க வராத" என்று இருக்கிறது.

அக்கா, நான் யாருக்கும் அனுப்பவில்லை. மாதா மேல் ஆணையாக ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தத் தாள் சாமியாரிடம் எப்படிப் போயிற்று? விளையாட்டாக எழுதவேண்டுமென்று பேனாவை எடுத்தாலும் வர மாட்டேன் என்கிறது. பதில் போடு.

ஞானராஜ்


சேசு மரி சூசை துணை

கீரனூர்,
14-7-1957

அன்புத் தம்பி ஞானராஜுக்கு,

சுகமாயிருக்கிறேன். மில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். கன்னியர் மடத்துக்குத் துணி தைத்துக் கொடுக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். நான்தான்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் போனேன். உன் கடிதத்தில் கணக்குப் போட்ட தாள் தனியாக இருந்ததல்லவா? என் அருமை அக்காவுக்கு என்று இருந்த முதல் தாளை அடுப்பில் வைத்துவிட்டு, அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். தெரியாமல் எரிக்கவில்லை, தெரிந்துதான் எரித்தேன். சாமியார் இரண்டு தடவை படித்தார். "மேசையில வச்சுட்டுப் போம்மா. யாரு வச்சதுன்னு நான் பாக்கல" என்றார்.

அடைக்கலமேரியின் ஆட்டுப் பணம் இன்னும் வீட்டுப் பெட்டியில்தான் இருந்தது. அவள் கையில் கொடுத்துவிட்டேன். முதல் பத்து ரூபாய் போனது போனதுதான். அய்யா பணமும் போய்விட்டது.

உன் அத்தான் நீ இருக்கிற திருச்சியில்தான் இருக்கிறார், ஜெயிலில். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆளில்லை. வாரம் ஒரு தடவை பஸ்ஸில் வந்து பார்க்கிறேன். உன் விடுதி வாசல் வழியாகத்தான் பஸ் போகிறது. இறங்கவில்லை. முகத்தைப் பார்த்தால் சொல்லவேண்டி வரும் என்று இறங்கவில்லை.

போலீசார் அவரிடம் அந்தத் தாளைக் காட்டியிருக்கிறார்கள். "மாப்ள இப்பிடிப் பண்ணுவான்னு நெனைக்கலடி. அவன் கடுதாசி வந்தாத்தான் நான் வாய்விட்டுச் சிரிப்பேன். இனி அவன் மொகத்துல முழிக்க மாட்டேன்" என்கிறார். என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கொண்டுபோன சோற்றைச் சாப்பிடுகிறார். "நீ ஒருத்திதான் எனக்கு" என்கிறார். ஒரு வாய் வாங்கிக்கொண்டு அழுகிறார்.

நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறுகிறேன். சொன்னால் அந்தச் சோற்றைத் தள்ளிவிடுவார். வெளியே வந்தால் வருவதற்கு அவருக்கு ஒரு வீடு வேண்டும்.

தம்பி, நீ

வேறொன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

சூசைமேரி


சேசு மரி சூசை துணை

திருச்சிராப்பள்ளி,
18-8-1957

மரியாதைக்குரிய அத்தான் மைக்கேல்சாமி அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் ஞானராஜ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் சுகம். அங்கே சாப்பாடு எப்படி? எங்கள் விடுதியைவிட நன்றாக இருக்கும் என்று குழந்தைசாமி அடித்துச் சொல்கிறான். இடம் மாற்றிக்கொள்ளத் தயார் என்கிறான்.

கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழியுங்கள் அத்தான். தாளில் இருந்த எழுத்து என்னுடையது என்று பார்த்துவிட்டீர்கள். அதைச் சாமியார் மேசையில் வைத்த கையும் இந்தக் கைதான்.

முறுக்குக் காகிதத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கணக்கைப் போட்டேன், பித்தளை என்று வந்தது. பொறுப்பாளர் யார் என்று எனக்குத் தெரியாது. மாதாமேல் ஆணை, இது ஒன்று மட்டும் நிசம். குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் முதல் பஸ்ஸில் ஏறிக் கீரனூருக்கு முன்பே இறங்கிக் கண்மாய்க்கரை வழியாக நடந்தேன். உங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனேன். அக்கா கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் திரும்பியிருப்பாள். கூப்பிடவில்லை. சாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. இன்றுவரை எனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினாலும் அந்தக் கடிதத்தைத் தண்ணீரில் முக்கிப் பிடித்துத்தான் படிக்க வேண்டியிருக்கும், அவ்வளவு கோபம். ஊரில் அய்யாவும் கதவைச் சாத்திவிட்டார். நல்லதுதான், பஸ் செலவு மிச்சம்.

எங்கள் சார் சொல்வார், கணக்கில் எதற்கும் இரண்டு பக்கம் உண்டு, ஒரு பக்கத்தில் எழுதவேண்டியதை மறு பக்கத்தில் எழுதினால் ஆயுசுக்கும் நேராகாது என்று. உங்கள் கோபத்தையெல்லாம் என் பேரில் பற்று எழுதிக்கொள்ளுங்கள். அக்கா கொண்டுவருகிற சோற்றை அவள் பேரில் வரவு வைத்துக்கொள்ளுங்கள். என் பற்றில் இடம் போதவில்லையென்றால் தாள் வாங்கி அனுப்புகிறேன். நாலணா போய் இருபத்தைந்து நயா பைசா வந்துவிட்டது; கடைக்காரன் சில்லறை தரும்போது எல்லோரையும் ஏமாற்றுகிறான். என்னை மட்டும் முடியாது.

வெளியே வந்ததும் அடிக்க வேண்டும்போல் இருந்தால் விடுதிக்கே வந்து அடியுங்கள். அக்கா முன்னால் வேண்டாம், குறுக்கே வந்து விழுவாள்.

பதில் வேண்டாம். அடுத்த வாரம் அக்கா வரும்போது, நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். என்னைத் திட்டிக்கொண்டே சொல்லுங்கள். அவளும் கூடச் சேர்ந்து திட்டுவாள்.

தங்கள் மைத்துனன்,
ஞானராஜ்